குறுமயிர் தீட்டிய தூரிகை

மாடு வாங்கச் செல்லும் பெரியவர் சுழி பார்க்காமல் விலை பேசுவதில்லை. விலங்கின் உடலெங்கும் உரோமம் ஒரே திசையில் படிவதன்று. வெவ்வேறு திசையில் வளர்வன எதிர்ப்படும் இடத்தில் சுழி பிறக்கின்றது. முகலாய நுண்ணோவியங்களை நாம் உற்று நோக்குங்கால், அவற்றைத் தீட்டியோர்க்கும் இத்தகைய கண் வாய்த்திருந்தமை புலனாகும்.

நீண்ட மயிரைக் காட்டுதல் எளிது. சிங்கத்தின் பிடரியைச் சில வளைகோடுகளில் முடித்துவிடலாம். குறுமயிரோ தோலோடு ஒட்டிக் கிடப்பது. அடியிலுள்ள எலும்பும் தசையும் அதனூடே தெரியும். மயிர் மிகுந்தால் மான் முள்ளம்பன்றியாகும். மயிரே இல்லையேல் மண்பொம்மையாகும். இதற்கு வழி கண்டோருள் பேரரசர் ஜஹாங்கீரின் (1605–1627) அவை ஓவியர்கள் தலையாயவர்கள்.

தாள்கள் பலவற்றை ஒட்டி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய பரப்பில், பிசின் கலந்த வண்ணத்தை முதலில் மெல்லிய பூச்சாக இடுவர். மேடு பள்ளங்கள் நிழலால் உருப்பெற்ற பின்னரே மயிர் வரும். அணில் வால் மயிரைக் கட்டிப் பறவை இறகின் தண்டில் செருகிய தூரிகையின் நுனியால், புள்ளியும் சிறு கோடுமாக அடுக்குவர். இந்நுண்வேலையைப் ‘பர்தாக்த்’ என்பர். ஒற்றை மயிர்த் தூரிகை என்று பலரும் வியந்து சொல்வதுண்டு. ஒரே மயிர் வண்ணத்தைத் தாங்கி நில்லாது. மயிர்க்கற்றை குவிந்து நுனியில் ஒன்றாவதே உண்மை. கோடுகள் மூக்கிலிருந்து பின்னோக்கியும், கால்களில் கீழ்நோக்கியும் செல்லும். ஒளி படுமிடத்தில் அவை அருகும். உடலின் விளிம்பில் மட்டும் மயிர் நுனிகள் சற்றே வெளிப்படும்.

இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள ‘சினார் மரத்து அணில்கள்’ இதற்குத் தக்க சான்று. தீட்டியவர் அபுல் ஹசனா, மன்சூரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் முற்றத்து மூவரி அணில் அன்று, குளிர்நாட்டுச் செவ்வணில். அணில் மயிரால் அணிலையே தீட்டிய அழகை எண்ணி நாம் புன்னகைக்கின்றோம்!

செதுக்குவோரும் இவ்வழியே சென்றனர். ஷாஜஹானுக்காக 1657இல் ஆக்கப்பெற்ற வெண்ணிற ஜேடு கிண்ணத்தின் பிடி ஓர் ஆட்டுத் தலை. தாடியில் மயிர்க்கோடுகள் உண்டு. முகத்திலோ கல்லின் மெருகும் எலும்பின் மேடுமே குறுமயிரை நினைவூட்டுகின்றன.

எனினும், இக்கலைக்குப் பெருஞ்சோதனையாய் வந்தது ஒரு வரிக்குதிரையே. 1621இல் அபிசீனியாவிலிருந்து வந்த அவ்விலங்கின் வரிகளை யாரோ வண்ணம் பூசியவை எனச் சிலர் ஐயுற்றனர். நுணுகி ஆராய்ந்து, படைத்தவன் இட்ட வண்ணமே எனத் தெளிந்ததாக ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதுகின்றார். பூச்சோ என ஐயுறப்பட்ட ஒன்றைப் பூச்சாலேயே மெய்ப்பிக்கும் பணி, ‘நாதிருல் அஸ்ர்’ எனப் பட்டம் பெற்ற மன்சூரின் கைக்கு வந்தது. வரிகள் உடலின் வளைவோடு வளைந்து, காலில் ஒடுங்கி, முகத்தில் நெருங்குகின்றன. சட்டை போல் மேலே போர்த்தியதாக ஓரிடத்தும் தோன்றவில்லை.

அவ்விலங்கு பின்னர் ஈரானின் ஷா அப்பாஸுக்குரிய பரிசில்களோடு சேர்க்கப்பட்டது. பேரரசர் தம் கையால் குறிப்பெழுதிய ஓவியம் மட்டும் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.