யாக்கோபுக்கு ஏன் தூதன் வரவில்லை?

பெரியவர்கள் கேட்கும் கேள்விக்கு எப்படியாவது பதில் சொல்லிவிடலாம். சிறுவர்கள் கேட்கும் கேள்விதான் ஆசிரியனைத் திணற வைக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், கிள்ளான் பக்கம் எங்கள் தோட்டத்து ஜெபக் கூடத்தில், பேதுரு சிறையிலிருந்து தப்பிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரம். ஏரோது மன்னன் பேதுருவைப் பிடித்து, முறைக்கு நால்வராகப் பதினாறு சேவகரைக் காவல் வைக்கிறான். கைகளில் இரண்டு சங்கிலி, இருபுறமும் சேவகர். விடிந்தால் ஜனங்களுக்கு முன் நிறுத்தப் போகிறான். பேதுருவோ நன்றாகத் தூங்குகிறார்! தேவதூதன் விலாவில் தட்டி எழுப்ப வேண்டியதாயிற்று. சங்கிலி கழன்றது, இரும்புக் கதவு தானே திறந்தது.

எனக்குப் பிடித்த இடம் அடுத்து வருவதுதான். அவருக்காகக் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தவர்களின் வீட்டுக் கதவைப் பேதுரு தட்டுகிறார். வேலைக்காரப் பெண் ரோதை குரலைக் கேட்ட சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். உள்ளே இருந்தவர்களோ அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்கிறார்கள். விடுதலை கேட்டு ஜெபித்தவர்கள் இவர்கள்தான்!

பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. "சார், இதே அதிகாரம் தொடங்கும்போதே யாக்கோபை வாளால் வெட்டினான் என்று இருக்கிறதே. அவருக்கு ஏன் தூதன் வரவில்லை?"

அந்த ஆண்டுதான் அவனுடைய அப்பா செம்பனைக் குலை மேலே விழுந்து இறந்திருந்தார். அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று வகுப்பை முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. யாக்கோபின் விசுவாசம் குறைவு என்று ஒரு வரியும் கிடையாது. துக்க வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, "ஜெபம் போதவில்லை, அதனால்தான் இப்படி" என்று பேசுகிறவர்கள் அந்த அதிகாரத்தை ஒருமுறை படித்துவிட்டுப் பேசட்டும்.

அதே வாரம் ஒரு வேலையாகக் கோலாலம்பூர் போனேன். பிரிக்பீல்ட்ஸில் சீயோன் லுத்தரன் ஆலயத்தைக் கடந்தபோது சீகன்பால்கு ஐயர் நினைவுக்கு வந்தார். அங்குள்ள தமிழ் லுத்தரன் மரபுக்கு வேர் தரங்கம்பாடியில் இருக்கிறது. 1706இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானியர் அவர். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே, ஒரு தமிழ் விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியதால், டேனியத் தளபதி அவரைச் சிறையில் அடைத்தான். தூதன் யாரும் வரவில்லை. கதவு தானாகத் திறக்கவில்லை. நான்கு மாதம் கழித்து வெளியே வந்து விட்ட வேலையைத் தொடர்ந்தார். 1711இல் மொழிபெயர்ப்பு முடிந்தது, 1715க்குள் அச்சாகிவிட்டது. 1719இல் இறந்தபோது அவருக்கு வயது 36தான்.

அடுத்த ஞாயிறு, "எனக்கும் தெரியவில்லை, தம்பி" என்று அவனிடம் ஒப்புக்கொண்டேன். பிறகு இந்த ஐயரைப் பற்றியும், எரேமியாவைப் பற்றியும் சொன்னேன்.

எரேமியாவுக்குக் காவலாகக் கூடவே இருப்பதாகக் கடவுள் முதல் நாளே வாக்குக் கொடுத்திருந்தார். ஆனாலும் அவரைச் சேறு நிறைந்த கிணற்றில் கயிறு கட்டி இறக்கிவிட்டார்கள். அவரைத் தூக்கியெடுத்தவன் அரண்மனையில் வேலை பார்த்த எபெத்மெலேக் என்கிற எத்தியோப்பியன், அயல்நாட்டான். அரசனிடம் துணிந்து பேசி, முப்பது ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனான். போகிற வழியில் கிழிந்த பழந்துணிகளையும் எடுத்துக்கொண்டான். எதற்குத் தெரியுமா? கயிறு அக்குளில் அறுக்காதிருக்க, துணியை மடித்து வைத்துக்கொள்ளும்படி கிணற்றுக்குள் இறக்கினான். உயிர் போகிற நேரத்தில் தோல் உரசுமே என்று கவலைப்பட்டிருக்கிறான், பாருங்கள்!

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"அப்பா இறந்த பிறகு, எங்க வீட்டிலே அடுப்பு எரியலே சார். பக்கத்து லயத்துப் பாட்டிதான் ஒரு மாசம் சோறு கொண்டாந்தாங்க. அம்மா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எழுந்து போக மாட்டாங்க."