கிண்ணம் நிறைய உமி

உங்கள் வீட்டில் காக்கட்டீலோ பட்ஜியோ வளர்கிறதா? அப்படியானால் நாளைக் காலை பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கூண்டிலிருந்து தீனிக் கிண்ணத்தை எடுத்து, குப்பைத்தொட்டியின் மேல் பிடித்து, மெல்ல ஊதுங்கள். நிறைந்திருந்ததாகத் தெரிந்த கிண்ணத்தில் பெரும்பகுதி பறந்துபோகும். அது தானியம் இல்லை, உமி. கிளி இனப் பறவைகள் விதையை அலகுக்குள் உருட்டி, ஓட்டை உரித்து, உள்ளே இருக்கும் பருப்பை மட்டும் விழுங்கும். வெற்று ஓடு மறுபடியும் கிண்ணத்திலேயே விழும். "இன்னும் நிறைய இருக்கிறதே, இன்றைக்குப் போட வேண்டாம்" என்று நாம் நினைக்கும்போது பறவை பசியோடு இருக்கலாம்.

ஊதிய பிறகு மிச்சம் இருப்பதையும் பாருங்கள். தினை, கேனரி விதை எல்லாம் அப்படியே கிடக்க, சூரியகாந்தி விதை மட்டும் ஒன்றுகூட இல்லையா? என் வீட்டுக் காக்கட்டீல் 'கொண்டை'யின் கிண்ணம் மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் இருந்தது. கடையில் வாங்கிய பொட்டலத்தின் மேல் 'கலவைத் தானியம்' என்று அச்சிட்டிருந்தது. கொண்டையைப் பொறுத்தவரை அது கலவை இல்லை. சூரியகாந்தி விதையும், அதை மறைத்துக்கொண்டிருக்கும் குப்பையும்!

இதில் என்ன தவறு என்று கேட்கலாம். பறவை விதை தின்பது இயற்கைதானே?

இயற்கைதான். காக்கட்டீலின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதி. அங்கும் அது விதை தின்னும் பறவையே. ஆனால் புல் விதைகளையும் தண்ணீரையும் தேடி அது நெடுந்தூரம் பறக்கிறது. முற்றாத இளம் விதைகளையும் தின்கிறது. பருவத்துக்குப் பருவம் உணவு மாறுகிறது. நம் வீவக வீட்டுக் காக்கட்டீல் சோபாவிலிருந்து ஜன்னல் கம்பி வரை பறக்கிறது. அவ்வளவுதான். சூரியகாந்திப் பருப்பின் எடையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. தினை வகைகளில் அது 4 விழுக்காடு அளவே. பறக்காத பறவை பாதி கொழுப்பான உணவை நாள்தோறும் தின்றால், மிஞ்சும் கொழுப்பு கல்லீரலில் படியத் தொடங்கும்.

தினை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணையில் பெண்கள் தினைப்புனத்தைக் காவல் காப்பது கிளிகளிடமிருந்துதான். அன்று விரட்டி விரட்டிக் காத்த தானியத்தை இன்று கதிரோடு வாங்கிக் கூண்டில் தொங்கவிட்டும் கொண்டை திரும்பிப் பார்க்கவில்லை.

கொழுப்பைவிடப் பெரிய சிக்கல், விதையில் இல்லாத பொருள்கள். விதைகளில் வைட்டமின் ஏ மிக மிகக் குறைவு. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்புறத்தை ஈரமான மெல்லிய படலம் ஒன்று மூடியிருக்கிறது. அதன் உயிரணுக்கள் சரியாக உருவாக வைட்டமின் ஏ தேவை. அது குறைந்தால் படலம் தடித்து, வறண்டு, தோல் போல ஆகிவிடும். கிருமிகளைப் பிடித்து வெளியேற்றும் சளி சுரப்பது குறையும். கொண்டை அடிக்கடி தும்மத் தொடங்கியபோது நான் குளிர்சாதனத்தைக் குறை சொன்னேன். கால்நடை மருத்துவர் அதன் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "என்ன சாப்பிடுகிறது?"

அடுத்தது கால்சியம். பறவையின் உணவில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் கூடுதலாக இருப்பது நல்லது. 100 கிராம் சூரியகாந்திப் பருப்பிலோ கால்சியம் 80 மில்லிகிராம் அளவு, பாஸ்பரஸ் 600 மில்லிகிராமுக்கு மேல். பற்றாக்குறையை உடல் எலும்பிலிருந்து எடுத்துச் சமாளிக்கும். பெண் காக்கட்டீல் துணை இல்லாமலேயே முட்டை இடும். ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் கால்சியம் வேண்டும். அது போதாதபோது முட்டை உள்ளேயே சிக்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

சரி, கேரட்டை நறுக்கி வைத்தால் தின்றுவிடுமா? தின்னாது. கிண்ணத்தின் பக்கமே வராமல் கூண்டின் மூலையில் கொண்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இதைப் பிடிவாதம் என்று திட்டாதீர்கள். காட்டில் அறியாத காயைக் கொத்திப் பார்க்கும் பறவை நஞ்சு தின்று சாகலாம். சந்தேகப்படும் பறவை பிழைக்கும். எது உணவு என்பதைக் குஞ்சு தாய் தந்தையைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. விதை மட்டுமே பார்த்து வளர்ந்த குஞ்சுக்குக் கேரட் என்பது உணவே இல்லை, ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒரு பொருள்.

அது சுவை பார்த்து ஒதுக்குகிறது என்றும் சொல்ல முடியாது. நம் நாக்கில் சுவைமொட்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. கிளிகளுக்குச் சில நூறுதான். அவை முதலில் கண்ணால்தான் தேர்ந்தெடுக்கின்றன. காரமோ அவற்றுக்குத் தெரிவதே இல்லை. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின், நம் நரம்புகளில் சூட்டை உணரும் ஒரு புரதத்தைத் தூண்டுகிறது. அந்தப் புரதத்தைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளுக்கும் அதே புரதம் உண்டு, ஆனால் அதன் அமைப்பு சற்று வேறுபட்டது. கேப்சைசின் அதை அசைப்பதில்லை. ஆகவே நமக்குக் கண்ணீர் வரவைக்கும் சிலிபாடியை உங்கள் காக்கட்டீல் நிதானமாக மென்று தின்னலாம். சிவப்பு மிளகாயில் வைட்டமின் ஏ-வாக மாறும் கரோட்டினும் இருக்கிறது.

இனி நான் செய்த தவறைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாமல் இருப்பதற்காக. மருத்துவரைப் பார்த்து வந்த மறுநாளே விதைக் கிண்ணத்தை எடுத்துவிட்டேன். பெல்லட் எனப்படும் உருண்டைத் தீவனத்தையும் காய்கறியையும் மட்டும் வைத்தேன். பசித்தால் தின்னும் என்பது என் கணக்கு. இரண்டாம் நாள் மாலை அது இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தட்டில் எச்சம் மிகக் குறைவு, கரும்பச்சை நிறம். எடை 92 கிராமிலிருந்து 85 ஆகியிருந்தது. 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவர் இரண்டே நாளில் 4 கிலோ இழப்பதைப் போன்றது இது. சிறிய உடல் வெப்பத்தை வேகமாக இழக்கும். அதை ஈடுகட்ட இடைவிடாமல் எரிபொருள் வேண்டும். தனக்கு முன்னால் இருப்பது உணவு என்றே தெரியாத பறவை, நிறைந்த கிண்ணத்தின் பக்கத்திலேயே பட்டினியால் இறந்துபோகலாம். அன்றிரவே விதையைத் திரும்ப வைத்தேன்.

எனவே முதலில் வாங்க வேண்டியது காய்கறி இல்லை, கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு. தினமும் காலையில், தீனி வைக்கும் முன், பறவையை நிறுத்துக் குறித்து வையுங்கள். எடை 10 விழுக்காடு குறைந்தால் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். பறவை ஏற்கெனவே நோயுற்றிருந்தால் உணவு மாற்றத்தை அவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். எச்சத்தையும் கவனியுங்கள். காய்கறி தின்னத் தொடங்கினால் அதில் நீர் கூடும், நிறமும் மாறும். அதற்காகப் பயப்பட வேண்டாம். எச்சம் குறைந்து கருத்தால்தான் பயப்பட வேண்டும்.

என்ன கொடுக்கலாம்? கேரட், பூசணி, சிவப்புக் குடைமிளகாய், வேகவைத்த சர்க்கரைவள்ளி, சவி, கைலான். தேக்கா சந்தையில் கிடைக்கும் முருங்கைக்கீரை எனக்கு மிகவும் பிடித்த தேர்வு. கரோட்டின், கால்சியம் இரண்டும் அதில் உண்டு. பாயாம் என்று விற்கும் கீரையில் கால்சியத்தைக் கட்டிப்போடும் ஆக்சலேட் இருப்பதால் எப்போதாவது மட்டும். முளைகட்டிய பச்சைப்பயறு நல்ல பாலம்: பார்க்க விதை, கடித்தால் காய்கறி.

எப்படிக் கொடுப்பது என்பதில்தான் வெற்றி இருக்கிறது. பறவைக்குப் பசி அதிகமாக இருப்பது விடியலில். அப்போது காயை விதையளவுக்குப் பொடியாக நறுக்கி, ஈரத்தோடு தினையைக் கலந்து வையுங்கள். வழக்கமான விதையை ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். நம் வெப்பத்தில் நறுக்கிய காய் விரைவில் கெடும், இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். கழுவிய கீரையை ஈரம் சொட்டச் சொட்டக் கூண்டில் தொங்கவிடுங்கள். பல பறவைகள் முதலில் அதில் குளிக்கும். குளிக்கும்போது அலகில் ஒரு துண்டு மாட்டும்.

அதன் முன்னால் நீங்களும் தின்னுங்கள். இது விளையாட்டில்லை. காக்கட்டீல் கூட்டமாக வாழும் பறவை. கூட்டம் தின்னும்போது தானும் தின்னும். கூண்டில் தனியாக வளரும் பறவைக்கு நீங்கள்தான் கூட்டம். கேரட்டை மேசையில் வைத்துச் சத்தம் வரக் கடித்துத் தின்றுகாட்டுங்கள். ஆனால் வாயிலிருந்து ஊட்டாதீர்கள், நம் எச்சிலில் உள்ள கிருமிகள் பறவைக்கு ஆகாது.

இன்னொரு வழி, உணவை ஒளித்துவைப்பது. 1963ல் கிளென் ஜென்சன் என்ற ஆய்வாளர், பக்கத்திலேயே இலவச உணவு இருந்தும் எலிகள் நெம்புகோலை அழுத்திப் பெறும் உணவை நாடுவதைக் கண்டார். புறா, கிளி போன்ற பறவைகளிடமும் பின்னர் இது தெரியவந்தது. காகிதத்தில் சுருட்டிவைத்த பெல்லட்டைப் பறவை ஆர்வத்தோடு கிழித்து எடுக்கும். கிண்ணத்தில் கிடந்தபோது அதே பெல்லட்டைச் சீண்டியிருக்காது.

வைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலப்பது எனக்கு உடன்பாடில்லை. தண்ணீரின் சுவை மாறினால் பறவை குடிப்பதையே குறைத்துவிடலாம், கிருமியும் வேகமாகப் பெருகும். வெண்ணெய்ப்பழம் பறவைக்கு நஞ்சு. அதிலுள்ள பெர்சின் இதயத் தசையைப் பாதிக்கும். சாக்லேட், காப்பி, மைலோ, வெங்காயம், உப்பு போட்ட நொறுக்குத்தீனி எதுவும் வேண்டாம்.

கொண்டைக்கு ஏழு வாரம் ஆனது. ஆறு வாரம் வரை கேரட்டைத் தட்டிலிருந்து தரையில் எறிவது மட்டுமே அதன் வேலை. ஏழாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அம்மா சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அவர் தோளிலிருந்து இறங்கி வந்து ஒரு காம்பை உருவத் தொடங்கியது. அதன் பிறகு இரண்டு மாதத்தில் தும்மல் நின்றது. இப்போது எடை 90 கிராம். தினமும் நாலைந்து சூரியகாந்தி விதைகள், அதுவும் என் கையில் வந்து உட்கார்ந்தால்தான். அவற்றை அது இன்னமும் முதலில்தான் தின்கிறது.