நுண்துகள் விஞ்ஞானமும் நத்தம் மாம்பழமும்

சித்திரை பிறந்தால் நத்தம் வட்டார மாந்தோப்புகளில் காய் பறிப்பு மும்முரமாகிவிடும் என்பதை யாவரும் அறிவர். செந்தூரம், காசா, கல்லாமை எல்லாம் அடுத்தடுத்து முதிர்ந்து சந்தையில் வந்து குவிகின்றன. பழமோ காத்திருக்காது, ஆகவே வியாபாரி சொன்ன விலைக்கே விவசாயி கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. பழத்தை இரண்டு வாரம் காத்திருக்கச் செய்ய வழி உண்டா? உண்டு என்று விஞ்ஞானம் காட்டியிருக்கிறது.

'நானோ' என்பது மிக நுண்ணிய அளவைக் குறிக்கும் சொல். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர். பொருள் இவ்வளவு நுண்மையாகும்போது அதன் மேற்பரப்பு பன்மடங்கு பெருகுகிறது. சிறிதளவே பெரும் பரப்பில் வேலை செய்கிறது.

ஹெக்சனால் என்பது செடிகொடிகளிலேயே இயற்கையாக உண்டாகும் ஒரு பொருள். பழத்தின் உயிரணுச் சவ்வைச் சிதைத்துத் தளரச் செய்யும் நொதியை அது அடக்குகிறது. ஆனால் அது நீரில் எளிதில் கரையாது. ஆகவே அதனை நுண்துளிகளாக்கிப் பால்மக் கரைசலாக்கினார்கள். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம், இலங்கைக் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவை 2012-ஆம் ஆண்டில் தொடங்கிய கூட்டு ஆராய்ச்சியின் பயன் இது. அறுவடைக்கு 30 நாட்களுக்கு முன்பும், மறுமுறை 15 நாட்களுக்கு முன்பும் 2 சதவீதக் கரைசலைத் தெளித்தபோது, காய்கள் சுமார் 3 வாரம் வரை மரத்திலேயே தங்கின. பறித்த பழங்களைக் கரைசலில் நனைத்து வைத்தபோதும் அவை கூடுதல் நாட்கள் கெடாதிருந்தன.

குடிநீரிலும் இவ்விஞ்ஞானம் உதவுகிறது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப் குழுவினர் வெள்ளி நுண்துகளைக் கொண்டு பூச்சிமருந்து எச்சத்தை நீக்கும் முறையைக் கண்டனர். அது 2007-இல் வீட்டு வடிகட்டியாக விற்பனைக்கு வந்தது. உமிச் சாம்பலில் வெள்ளி நுண்துகளைச் சேர்த்த வடிகட்டி ஒன்று 2009-இல் வெளிவந்தது. நாம் வீணாக்கும் உமிக்கும் இப்படி ஒரு பயன்!

ஆயினும் ஓர் எச்சரிக்கை. வெள்ளி கிருமியைக் கொல்லுமேயன்றி, நீரிலுள்ள உப்பையோ புளோரைடையோ நீக்காது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள நீர் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். ஆகவே 'நானோ' என்ற பெயரைக் கண்ட மாத்திரத்தில் ஊராட்சிப் பணத்தைச் செலவிடலாகாது. முதலில் நீரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புக. இன்ன குறை என்று தெரிந்த பின்னரே அதற்கேற்ற கருவியை வாங்குக.

மாந்தோப்பிலும் இதுவே முறை. தோட்டக்கலை அதிகாரியைக் கலந்து, பத்து மரங்களுக்கு மட்டும் தெளித்து, அடுத்த பத்து மரங்களை அப்படியே விட்டுவிடுங்கள். செலவையும் வரவையும் இரண்டிற்கும் தனித்தனியே குறித்து வையுங்கள். லாபம் கண்கூடாகத் தெரிந்தால், அடுத்த ஆண்டு பலர் கூடி மருந்தை மொத்தமாக வாங்கலாம்.

காய் மரத்தில் தங்கும் ஒவ்வொரு நாளும் விலை பேசும் வலிமை விவசாயியின் கையில் இருக்கும். அவ்வலிமையைப் பெற நாம் அனைவரும் முயல்வோமாக.