ஜீப்புக்கு ஸ்கார்பியோ இன்ஜின் வெச்சாச்சு... பின் ஆக்ஸில் தாங்குமா?

இன்ஸ்டாகிராமில் 'மாடிஃபைட் ஜீப்' என்று தேடிப் பாருங்கள். ஆளுயர டயர், கூரையில் எல்.இ.டி பார், பானெட் பக்கத்தில் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்நார்க்கெல் என ரீல்ஸ் கொட்டும். அந்த வண்டியின் அடியில் குனிந்து, பின் ஆக்ஸிலைக் காட்டும் வீடியோ ஒன்றாவது கண்ணில் பட்டால் ஆச்சர்யம்தான். ஆனால், புது இன்ஜின் கொடுக்கும் அத்தனை பலத்தையும் சாலையில் இறக்குவது அந்த இரும்புத் தண்டுதான். வண்டி நடுவழியில் படுத்தாலும் பெரும்பாலும் காரணம் அதுவாகத்தான் இருக்கிறது.

ஓசூர் - கிருஷ்ணகிரி பக்கம் இந்த ஆசைக்குத் தீனி போட எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1980-ல் அசோக் லேலண்ட் இங்கே ஆலை திறந்தது. சிப்காட்டைச் சுற்றி உதிரிபாகம் கடையும் சிறு பட்டறைகள் முளைத்தன. அரை மணி நேரம் ஓட்டினால் அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் பெங்களூரு. டி.என் 70, கே.ஏ 51 என இரண்டு மாநில நம்பர் பிளேட்டுகளும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் உரசிக்கொண்டு ஓடும் ஊர் இது. லேத், வெல்டிங், கைதேர்ந்த ஆட்கள் என எதற்கும் பஞ்சமில்லை. அதுவே சில நேரம் ஆபத்தாகவும் முடிகிறது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

பழைய உடம்பில் புதிய இதயம் வைப்பது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. 1930-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டைக் கழற்றி எறிந்து, இன்ஜினை முறுக்கேற்றி, வறண்ட ஏரிகளில் ரேஸ் விட்டார்கள். 'ஹாட் ராட்' என்று பெயர் வந்தது. இன்ஜின் பலம் ஏற ஏற, பின் ஆக்ஸில்கள் முறியத் தொடங்கின. ஃபோர்டு 1957-ல் கொண்டுவந்த '9 இன்ச்' ஆக்ஸிலை இன்றுவரை அங்கே தேடித்தேடிப் பொருத்துகிறார்கள் என்றால், பட்ட அடி அப்படி.

நம்ம கணக்குக்கு வருவோம். இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப் இன்ஜினின் டார்க், அதாவது முறுக்கு விசை, சுமார் 142 நியூட்டன் மீட்டர். ஸ்கார்பியோவில் 2008 வாக்கில் வந்த 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல் இன்ஜினுக்கு அதுவே 290. இரண்டு மடங்குக்கும் மேல். இந்த விசை நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. முதல் கியர் அதைப் பெருக்கும். டிஃபரென்ஷியலில் இருக்கும் கிரவுன் வீலும் பினியனும் இன்னும் பெருக்கும். பழைய வில்லிஸில் இந்தக் கடைசிப் பெருக்கம் மட்டுமே 4.88 மடங்கு. கடைசியில் மொத்தமும் வந்து இறங்குவது இரண்டு ஆக்ஸில் ஷாஃப்ட்டுகளின் தலையில்.

அதோடு பெரிய டயரும் சேர்ந்தால்? சின்ன டயர், விசை அதிகமானால் வழுக்கிச் சுற்றி ஷாஃப்ட்டைக் காப்பாற்றிவிடும். அகலமும் உயரமும் கூடிய டயர் மண்ணை விடாது. டயர் விட்டுக்கொடுக்காவிட்டால் ஷாஃப்ட்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். 'லுக்'குக்காக சக்கரத்தை வெளியே தள்ளிவைக்கும் ஸ்பேஸர் போட்டால், முறுக்குவதோடு வளைக்கும் விசையும் கூடிவிடுகிறது.

முறுக்கைத் தாங்கும் திறன் ஷாஃப்ட்டின் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 30 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டை 33 ஆக்கினால் பலம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. தேய்ந்தோ, கடைந்தோ 27 ஆகிவிட்டால் கால் பங்குக்கு மேல் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத மூன்று மில்லிமீட்டரில் இவ்வளவு இருக்கிறது.

சக்கரம் கழன்று முன்னே ஓடுமா?

லாரிகளில் பொதுவாக இருப்பது 'ஃபுல் ஃப்ளோட்டிங்' ஆக்ஸில். வண்டியின் எடையை வெளிக்குழாயும் பேரிங்கும் சுமக்கும். உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டுக்குச் சுழற்றும் வேலை மட்டும்தான். அது முறிந்தால் வண்டி நகராது, ஆனால் சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கும். போர்க்கால வில்லிஸிலும் இந்த வகைதான். போருக்குப் பிறகு பொதுமக்களுக்காக வந்த ஜீப்புகள் பெரும்பாலானவற்றில் 'செமி ஃப்ளோட்டிங்'. இதில் ஷாஃப்ட்டே எடையையும் சுமக்கிறது. பேரிங்குக்கு வெளியே முறிந்தால் டிரம்மோடு சக்கரம் தனியே கிளம்பிவிடும். பழைய ஜீப்புகளில் ஷாஃப்ட்டின் நுனி கூம்பாக இருக்கும். அதில் ஒரு காடி வெட்டி, கீ செருகி, மேலே பெரிய நட் போட்டு முறுக்கியிருப்பார்கள். நட் கொஞ்சம் லூஸானாலும் கீ ஆடும். அந்தக் காடியின் மூலையிலிருந்துதான் விரிசல் புறப்படும்.

கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் நடுவே மேலுமலை இறக்கத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஷாஃப்ட் முறிந்ததும் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. கியரைக் குறைத்து வேகத்தை அடக்கும் வழி அங்கேயே போச்சு. பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக்கும் சக்கரத்தில் கிடையாது. ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைத்தான் அது பிடிக்கும். ஒரு பக்கம் முறிந்திருந்தால் டிஃபரென்ஷியல் சும்மா சுற்றும், வண்டி உருளும். மிச்சம் இருப்பது கால் பிரேக் மட்டும். சக்கரமே கழன்றிருந்தால், ஒற்றை லைன் பிரேக் உள்ள பழைய வண்டியில் ஆயில் கொட்டி அதுவும் போய்விடும்.

எனவே, பின்பக்கம் 'டப்' என்ற சத்தத்தோடு இழுவை நின்றால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்தி இடது ஓரம் ஒதுங்குங்கள். நின்றதும் முதல் வேலை, சக்கரங்களுக்குக் கல்லோ கட்டையோ கொடுப்பது. ஹேண்ட்பிரேக்கை நம்பி ஜாக்கி ஏற்றாதீர்கள். 4 வீல் டிரைவ் என்றால் முன்சக்கர இழுவையில் ஓரத்துக்கு நகர்த்தலாம், அவ்வளவுதான். அப்படியே வீடு வரை ஓட்டிக்கொண்டு போவது, கட்டி இழுப்பது இரண்டும் வேண்டாம். பின்பக்கத்தைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

உடைந்த முகம் சொல்லும் கதை

1842 மே 8. வெர்சாய் அரண்மனைத் தோட்ட விழா முடிந்து பாரிஸ் திரும்பிய ரயிலில் இன்ஜினின் ஆக்ஸில் ஒன்று முறிந்தது. பெட்டிகள் ஏறி மோதித் தீப்பிடித்தன. கதவுகளை வெளியே பூட்டியிருந்ததால் பயணிகளால் இறங்க முடியவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரும்பு ஏன் திடீரென்று முறிகிறது என்ற கேள்வியைப் பொறியாளர்கள் தீவிரமாக எடுத்துக்கொண்டது அதன் பிறகுதான். பின்னாளில் ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர் ரயில் ஆக்ஸில்களை ஆண்டுக்கணக்கில் சோதித்து, திரும்பத் திரும்ப வரும் சின்னச் சுமையே இரும்பைக் களைப்படையவைக்கும் என்று நிறுவினார்.

இன்று ஓசூர் பட்டறையில் கிடக்கும் ஷாஃப்ட்டிலும் அதைப் பார்க்கலாம். முறிந்த முகத்தில் சிப்பி ஓட்டின் வரிகள்போல வளையங்கள் தெரிந்தால், விரிசல் பல நாளாக வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சொரசொரவென்று மணல் மணலாக இருக்கும் பகுதி கடைசி நொடியில் முறிந்தது. ஸ்ப்ளைன் பற்கள் ஜிலேபி மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தால், இன்ஜின் பலம் ஷாஃப்ட்டின் தகுதியைத் தாண்டிவிட்டது.

இங்கேதான் கைதேர்ந்த லேத்கள் இருப்பது ஆபத்தாகிறது. முறிந்ததை வெல்டிங் வைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வெல்டிங் சூட்டில், கம்பெனி கொடுத்த ஹீட் ட்ரீட்மென்ட் போய்விடும். சாதாரண ஈ.என் 8 கம்பியில் கடைந்து மாட்டினால் அளவு கச்சிதமாகப் பொருந்தும், பலம் பொருந்தாது. ஈ.என் 24 மாதிரி அலாய் ஸ்டீலாக இருந்தாலும் சரியாகப் பதப்படுத்தி, ஹார்ட்னெஸ் சோதித்து வாங்க வேண்டும். இன்ஜின் மாற்றும் செலவோடு, அந்த இன்ஜினுக்கு ஏற்ற முழு ஆக்ஸில் செட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுவதே சரி. காசு போதாதென்றால் சின்ன இன்ஜினோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சட்டமும் இடிக்கிறது. கேரளாவிலிருந்து போன வழக்கில், தயாரிப்பாளரின் மூல வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே உண்டு. பட்டறை வாசலுக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ அலுவலக வாசலை மிதிப்பது நல்லது.

ஏற்கெனவே மாற்றிய வண்டி வீட்டில் நின்றால், டிரம் ஓரத்தில் கியர் ஆயில் கசிவு, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வந்து, விட்டால் மறையும் ஊளைச் சத்தம், ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது 'டொக்', ஜாக்கியில் தூக்கி ஆட்டினால் சக்கரத்தில் ஆட்டம் இதையெல்லாம் தள்ளிப்போடாதீர்கள். ஒரு பக்கம் முறிந்து மாற்றுகிறீர்கள் என்றால், ஹவுசிங்கைக் கழுவி இரும்புத் துகளை எடுக்கச் சொல்லுங்கள். மறுபக்க ஷாஃப்ட்டும் அதே சுமையைச் சுமந்ததுதான். அதையும் உருவி, துடைத்து, சிவப்புச் சாயமான டை பெனட்ரன்ட் அடித்து, சிறிது நேரம் ஊறவிட்டு, மேற்பரப்பில் மிஞ்சிய சாயத்தைத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளை டெவலப்பர் தெளித்தால் போதும். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு இழுக்கும்.