தேவகிரிக் கோட்டையும் உப்பு மூட்டைகளும்

எல்லோராவுக்குப் போகிற வழியில் தேவகிரிக் கோட்டையை பஸ் ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நம்மில் பலர். நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற டிசம்பரில் பேரனின் பிடிவாதத்தால் ஏறிப் பார்த்தேன்.

2023 முதல் சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர் மாறிய ஔரங்காபாத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தூரம். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாதவ மன்னன் ஐந்தாம் பில்லமன் இதைத் தலைநகராக்கினான். 1327ல் முகமது பின் துக்ளக் டில்லியிலிருந்து தலைநகரை இங்கே மாற்றி, தௌலதாபாத் என்று பெயரிட்டான். பின்னால் வந்த பாமினி, நிஜாம்ஷாஹி மன்னர்களும் தங்கள் பங்குக்குக் கட்டினார்கள்.

நாற்பது வருடம் ரயில்வேயில் கல்லோடும் மண்ணோடும் பழகியவன் நான். இங்கே அசந்து நின்றுவிட்டேன். சுமார் 600 அடி உயரக் குன்று. அதன் அடிப்பாகத்தைச் சுற்றிலும் செங்குத்தாகச் செதுக்கிவிட்டார்கள். உடும்புகூட ஏற முடியாது. அதைச் சுற்றிப் பாறையிலேயே வெட்டிய அகழி. வெளியே மூன்று மதில்கள். வாசல்கள் நேர்க்கோட்டில் இல்லை. திரும்பித் திரும்பிப் போகவேண்டும். யானை ஓடி வந்து முட்ட இடம் கிடைக்கக் கூடாதே! கதவுகளில் இரும்பு முட்கள் வேறு. அகழியைத் தாண்டினால், பாறையைக் குடைந்த இருட்டுச் சுரங்கம். அதன் மேல் வாயில் நெருப்பு மூட்டினால் உள்ளே வந்த எதிரி புகையில் திணறுவான்.

டார்ச் வெளிச்சத்தில் பேரன் கேட்டான்: "தாத்தா, இவ்வளவு கட்டினவங்க எப்படித் தோத்தாங்க?"

பதில் கல்லில் இல்லை, களஞ்சியத்தில் இருக்கிறது. 1296ல் அலாவுதீன் கில்ஜி திடீரென்று வந்தபோது, மன்னன் ராமசந்திரனின் பெரும்படை வெளியே போயிருந்தது. தானியம் என்று நம்பி அவசரமாக உள்ளே ஏற்றிய மூட்டைகளைப் பிரித்தால் எல்லாம் உப்பு என்று எழுதுகிறார் பாரசீக வரலாற்றாசிரியர் ஃபெரிஷ்டா. மன்னன் பணிந்தான். 1633ல் ஷாஜகானின் தளபதி மகாபத் கான் வெளிமதில்களை வெடிவைத்துப் பிளந்தார். ஆனாலும் உள்கோட்டையைப் பணிய வைத்ததில் பசிக்குப் பெரும் பங்கு உண்டு.

பேரனிடம் இதைச் சொல்லும்போது என் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு மழைக்காலம். வெள்ளத்தில் தண்டவாளம் அரித்துப் போயிற்று. ஸ்டோர் கணக்கில் போல்ட்டுகள் ஏராளம். பெட்டியைத் திறந்தால் எல்லாம் வேறு அளவு! அந்த வருடம் பெட்டியைத் திறந்து பார்க்காமலே இருப்புச் சரி என்று கையெழுத்திட்டவன் நான்தான். சரியான போல்ட் வந்து சேர ஒரு நாள் முழுக்க ரயில்கள் நின்றன. யாருக்கும் ஆபத்தில்லை, அது என் சாமர்த்தியம் அல்ல, அதிர்ஷ்டம்.

அன்பர்களே, குடும்பத்துடன் ஒருமுறை போய் வாருங்கள். காலையிலேயே ஏறுங்கள், டார்ச்சும் குடிநீரும் மறக்க வேண்டாம். கிளம்புமுன் சாப்பாட்டுப் பையையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.