பழைய செடியாவுக்கு டர்போ: எண்ணூர் ரோட்டுல தாங்குமா?

திருவொற்றியூர்ல இருந்து பேசறேன். பின்னாடி துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசை தெரியுதா? அதுல கிட்டத்தட்ட எல்லா வண்டியிலயும் டர்போ உண்டு. உள்ள நிக்கற கப்பல் இன்ஜின்லயும் டர்போதான். அதனாலதான் இந்தப் பக்கத்துப் பசங்க நிறைய பேர் கேக்கறாங்க: "லாரிக்கே இருக்கு, என் செடியாவுக்கு மாட்டினா என்னண்ணா?"

நியாயமான ஆசைதான். மிட்சுபிஷி லான்சர் செடியா நம்ம திருவள்ளூர்ல, இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில இருந்து 2006-ல வந்த வண்டி. 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், சுமார் 115 குதிரைசக்தி, டர்போ கிடையாது. எம்.ஆர்.எஃப். டீம் இதை ராலியில ஓட்டி ஜெயிச்சுது. அந்த எம்.ஆர்.எஃப்.பும் 1946-ல இதே திருவொற்றியூர்ல, ஒரு கொட்டகையில பலூன் செஞ்சு ஆரம்பிச்சதுதான். செடியாவோட அண்ணன் லான்சர் எவல்யூஷன்ல டர்போ இருந்துச்சு. 1996-ல இருந்து 1999 வரைக்கும் டோமி மாக்கினென் வரிசையா 4 உலக ராலி பட்டம் வாங்கினது அந்த வண்டியிலதான்.

சரி, டர்போ என்ன செய்யுது? சைலன்சர் வழியா வீணாப் போற சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுத்துது, நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல. அதே தண்டோட மறுமுனையில இருக்கற சக்கரம் வெளிக்காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுது. காத்து அதிகம், அதுக்கேத்த பெட்ரோலும் அதிகம், சக்தியும் அதிகம்.

இங்கதான் லாரி கணக்கு காருக்கு ஒத்துவராது. டீசல் இன்ஜின் வெறும் காத்தை மட்டும்தான் அமுக்கும். எரியவேண்டிய நேரத்துலதான் டீசலே உள்ள வரும். பெட்ரோல் இன்ஜின்ல, சாதாரணமா, பெட்ரோலும் காத்தும் கலந்துதான் அமுங்குது. சூடு அளவு மீறினா, ஸ்பார்க் பிளக் பத்தவெச்ச தீ வந்து சேர்றதுக்கு முன்னாடியே, மூலையில இருக்கற கலவை தானா வெடிக்கும். அதுதான் நாக்கிங்.

இந்த பிஸ்டனைப் பாருங்க. கேமராவைக் கிட்ட கொண்டு வாங்க. முதல் ரிங்குக்கும் ரெண்டாவது ரிங்குக்கும் நடுவுல இருக்கற மேடு, இதோ, நகம் நீளத்துக்குப் பேந்து போயிருக்கு. மேல் முகத்துல பொடிப்பொடியா குழி. நாக்கிங் பண்ற வேலை இது. காதுல கேக்கறதுக்குள்ள முடிஞ்சுடும்.

இப்ப நம்ம ஊர் வெயிலைச் சேர்த்துக்கங்க. வெளிக்காத்து 35 டிகிரின்னு வெச்சுக்கலாம். பூஸ்ட், அதாவது டர்போ குடுக்கற கூடுதல் காத்தழுத்தம், அரை பார்தான் வெக்கறீங்க, ரொம்பக் கம்மி. அதுக்கே டர்போவை விட்டு வெளிய வர்ற காத்து 90 டிகிரியைத் தொடும். அதை ஆத்தறதுக்குத்தான் இன்டர்கூலர். ஆனா இன்டர்கூலருக்கு முன்னாடி காத்து ஓடணுமே! எண்ணூர் ரோட்டுல லாரிக்குப் பின்னாடி அரைமணி நேரம் நின்னா, இன்டர்கூலரே கொதிச்சுக் கிடக்கும். வழி கிடைச்சுதுன்னு அந்த நொடியே மிதிச்சீங்கன்னா, இன்ஜினுக்கு அதைவிட மோசமான நேரம் இல்ல.

அதனால டர்போவுக்கு முன்னாடி வாங்கவேண்டியது வேற. கம்ப்ரஷனைக் குறைக்கிற ஃபோர்ஜ்டு பிஸ்டன், பெரிய இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், பூஸ்ட் ஏறும்போது ஸ்பார்க்கைப் பின்னால தள்ளற மாதிரி டியூன் பண்ணக்கூடிய இ.சி.யூ. (இன்ஜின் கம்ப்யூட்டர்), தாங்கற கிளட்ச். டர்போ வண்டிக்கு அதிக ஆக்டேன் பெட்ரோலை நம்பி டியூன் பண்ணிட்டு, அவசரத்துக்குக் கம்மி ஆக்டேன் போடறது கூடவே கூடாது.

இந்தப் பக்கத்துக்குன்னே ஒரு விஷயம் சொல்லணும். படத்துல அழகா இருக்குன்னு திறந்த கோன் ஃபில்டர் மாட்டாதீங்க. அனல்மின் நிலையச் சாம்பலும் லாரி கிளப்பற புழுதியும் பறக்கற இடம் இது. டர்போவுக்குள்ள அந்த வேகத்துல சுத்தற அலுமினிய இறக்கையில மணல் பட்டா, முனை தேஞ்சுடும். கம்பெனி டப்பாவையும் பேப்பர் ஃபில்டரையும் விடாதீங்க.

அடுத்தது ஆயில். டர்போவுக்குப் போற ஆயில் குழாய் ஒல்லியா இருக்கலாம். திரும்பி வர்ற குழாய் தடியா, ஏற்றமே இல்லாம, இன்ஜினுக்கு அடியில இருக்கற ஆயில் தொட்டியான சம்ப்புல, ஆயில் மட்டத்துக்கு மேல போய் விழணும். அதுக்கு சம்ப்பைக் கழட்டித்தான் ஓட்டை போடணும். மாட்டின நிலையிலயே துளைச்சா, இரும்புத் தூள் உள்ள விழுந்து பேரிங் போச்சு. "கழட்டத் தேவையில்ல தம்பி"ன்னு யாராவது சொன்னா, வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

சட்டத்தையும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குடுத்த அமைப்பை மாத்தறதைத் தடுக்குது. 2019 திருத்தத்துக்கு அப்புறம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லாட்டி 6 மாசம் வரைக்கும் சிறை, ரெண்டும் சேர்த்தும் விதிக்கலாம். விபத்துன்னா இன்ஷூரன்ஸ்காரங்க கேக்கற முதல் கேள்வியும் இதுவாத்தான் இருக்கும். அதனால டர்போ செடியா வேணும்னா, டிரெய்லர்ல ஏத்தி இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குக் கொண்டுபோற வண்டியா அதைக் கட்டுங்க. ஸ்கூல் விடற நேரத்துல எண்ணூர் ரோட்டுல வேணாம்.

கட்டறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா? எந்தப் பொருளையும் வாங்கறதுக்கு முன்னாடி, இன்ஜின் சூடா இருக்கறப்ப நாலு பிளக்கையும் கழட்டி கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்க. சிலிண்டருக்கு சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் காட்டினா, டர்போவுக்கு எடுத்துவெச்ச காசு முதல்ல இன்ஜின் வேலைக்குப் போகட்டும். எடுத்த நாலு அளவையும் கமென்ட்ல போடுங்க, பார்த்துச் சொல்றேன்.