மூச்சை அடக்குங்க!

"பட்டனை அமுக்கினா படம் வந்துடும், இதுல படிக்க என்ன இருக்கு?" எக்ஸ்ரே டெக்னீஷியனாக வேலை பார்த்த என்னிடம் பத்துபஸ்தி நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியில் ராண்ட்ஜன் இக்கதிரைக் கண்டுபிடித்தார். இந்தத் தொழிலின் சூட்சுமம் ஒன்றுதான்: குறைந்த கதிரில், முதல் தடவையிலேயே, தெளிவான படம்.

இதற்கு இரண்டு கணக்குகள் உண்டு. குழாய்த் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் வேகம் போன்றது கே.வி.; கதிர் உடம்பை ஊடுருவும் சக்தி அது. குடத்தில் விழும் அளவு போன்றது எம்.ஏ.எஸ்.; கதிரின் அளவு அது. கே.வி.யை 15 சதவீதம் கூட்டினால், எம்.ஏ.எஸ்.ஸை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடலாம். ஆனால் கறுப்பு வெள்ளை வித்தியாசம் சற்று மங்கும். தூரமும் முக்கியம். இரு மடங்கு தள்ளி நின்றால் கதிர் கால் பங்காகிவிடும். இதயம் பெரிதாகத் தெரியாமலிருக்க, நெஞ்சுப் படத்தைச் சுமார் 180 செ.மீ. தூரத்திலிருந்து எடுக்கிறோம்.

கணக்கு சரியாக இருந்தும் ஒருநாள் நான் தவறினேன். இங்கே வங்காளி, தெலுங்கர், மலையாளி, நிக்கோபாரி என எல்லோரும் வருவதால் இந்தியே பழக்கம். ராமநாதபுரத்துப் பாட்டி ஒருவரிடமும் "ஸாஸ் ரோக்கோ" என்றேன். "என்ன தம்பி?" என்று அவர் திரும்பவும், நான் பட்டனை அமுக்கவும் சரியாக இருந்தது. படம் கலங்கிவிட்டது. மறுபடியும் கதிர். "முதல்லயே தமிழ்ல சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து ஆளைப் பார்த்து, அவர் மொழியில் சொல்லி, ஒருமுறை மூச்சடக்கச் செய்து பார்த்த பிறகே பட்டனைத் தொட்டேன்.

பிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்துக் காட்டிக் கொடுத்துவிடும். டிஜிட்டலில் கணினி அதைச் சரிசெய்து அழகாகக் காட்டிவிடும். கூடுதல் கதிர் வெளியே தெரியாது. ஆகவே கருவி காட்டும் கதிர் அளவு எண்ணையும் பார்ப்பது டெக்னீஷியனின் கடமை.

நம் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். ஒரு நெஞ்சுப் படத்தின் கதிர், சில நாட்களில் இயற்கையாக நமக்குக் கிடைக்கும் அளவுதான், பயம் வேண்டாம். ஆனால் வீணாக மறுபடி எடுக்க வேண்டாமே! சங்கிலி, ஊக்கைக் கழற்றுங்கள். கர்ப்பமாக இருந்தால் முன்பே சொல்லுங்கள். மெயின்லேண்டுக்கு வைத்தியத்துக்குப் போகும்போது பழைய படங்களைக் கையோடு கொண்டு போங்கள். சொன்னது புரியவில்லையா? வெட்கப்படாமல் கேளுங்கள். உங்கள் மூச்சும் சேர்ந்ததுதான் நல்ல படம்.